‘எனக்குத் தெரியாது’ என்று சொல்வதற்காகப் பட்டுக்கோட்டைக்குப் போன வெள்ளிக்கிழமை

எங்கள் பழைய கிளையில் அந்நியச் செலாவணிப் பிரிவை இந்த ஆண்டு எடுத்துவிட்டார்கள். தஞ்சாவூர் வட்டாரத்து ஏற்றுமதியாளர்கள் இனி டாலரை விற்கவோ வாங்கவோ கிளைக்கு வரவேண்டியதில்லை. செல்போனில் செயலியைத் திறந்து, ஓடிக்கொண்டிருக்கும் விலையைப் பார்த்து அவர்களே அழுத்திக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு. என் காலத்தில் ஒரு விலை கேட்டுச் சொல்ல மூன்று நிமிடம் ஆகும். அந்த மூன்று நிமிடத்தில் விலை மாறியிருக்கும்.

பிரிவில் கடைசியாக இருந்த இரண்டு அதிகாரிகள், ஓய்வுபெற்றோர் மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். “அமெரிக்க டேட்டா வர்ற வெள்ளிக்கிழமைல நீங்கள்லாம் என்ன பண்ணுவீங்க மேடம்?” என்று கேட்டார்கள். அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன்.

என் அப்பா மல்லிப்பட்டினத்தில் மீன் வியாபாரி. இரண்டு படகுகளில் பங்கு இருந்தது. நான் வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து, துறைத் தேர்வுகள் எழுதி அதிகாரியாகி, சென்னையில் ஆறு வாரப் பயிற்சி முடித்து இந்தப் பிரிவுக்கு வந்தேன். பயிற்சியில் நிறையச் சொல்லிக்கொடுத்தார்கள். அதில் ஒன்று மட்டும் எனக்குச் சிரமமே இல்லாமல் புரிந்தது. அமெரிக்காவில் போன மாதம் எத்தனை பேருக்குப் புதிதாக வேலை கிடைத்தது என்று ஓர் எண் வெளியாகும். எண் பெரிதாக வந்தால் அங்கே வட்டி உயரும் என்று நினைப்பார்கள். டாலருக்குக் கிராக்கி கூடும். நம் ரூபாய் இறங்கும். ஆனால் பெரியது, சிறியது என்பது எண்ணை மட்டும் வைத்துச் சொல்வதல்ல. எவ்வளவு வரும் என்று எதிர்பார்த்தார்களோ அதை வைத்துச் சொல்வது.

இதை நான் மீன் ஏலத்தில் பார்த்திருக்கிறேன். படகு கரைக்கு வருமுன்பே இறால் நிறைய என்று கடலிலிருந்து செய்தி வந்துவிடும். அந்தச் செய்தியிலேயே விலை இறங்கிவிடும். சொன்ன அளவே இறால் வந்தால், கூடை கூடையாக இறக்கினாலும் விலை அசையாது. சொன்னதைவிடக் குறைந்தால், அத்தனை கூடைகள் கண்முன் இருக்கும்போதே விலை ஏறும். பயிற்சி வகுப்பில் என்னுடன் இருந்தவர்கள் இதற்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டார்கள்.

பிரிவின் தலைவர் அனந்தநாராயணன். எல்லோருக்கும் ஏ.என். சார். திருவிடைமருதூர்ப் பக்கம், நிலம் இருந்த குடும்பம், இப்போது நிலம் இல்லை. கடைநிலை ஊழியர் வரை எல்லோரையும் ‘நீங்க’ என்றுதான் பேசுவார். “டாலர் ஏறுமா சார்?” என்று கேட்காத வாடிக்கையாளர் கிடையாது. அவர் பதிலும் மாறியது கிடையாது. “உங்களுக்கு எவ்வளவு வேணும்?” என்பார். வந்தவர் கொஞ்சம் விழிப்பார். பிறகு உட்கார்ந்து தன் கணக்கைச் சொல்லத் தொடங்குவார்.

அவர் மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். மாதா மாதம் கையால் எழுதுவார். இடது பக்கம், எந்த நாட்டின் எந்தப் புள்ளிவிவரம் எந்தத் தேதியில், நம் நேரம் எத்தனை மணிக்கு வெளியாகிறது என்ற பட்டியல். வலது பக்கம் அதே தேதிகளுக்கான ராகு காலம், அஷ்டமி, நவமி. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஓர் ஆய்வாளர் இதைப் பார்த்துச் சிரித்தார்.

“நீங்க இதெல்லாம் பாப்பீங்களா சார்?”

“நான் பாக்கறதில்ல. ஆனா என் கஸ்டமர் வெள்ளிக்கிழமை பத்தரைலேருந்து பன்னெண்டு வரைக்கும் போனை எடுக்க மாட்டார்னா, அதுவும் மார்க்கெட் தகவல்தானே.”

ஆய்வாளர் அதைத் தன் அறிக்கையில் எழுதவில்லை.

வழக்கமும் அமெரிக்காவும் நேராக மோதும் நாள் ஒன்று உண்டு. அந்த வேலைவாய்ப்பு எண் வெளியாவது மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மாலை. எங்கள் பகுதியில் பலருக்கு வெள்ளிக்கிழமை கையிலிருந்து பணம் வெளியே போகக்கூடாது. போனால் லட்சுமி போய்விடுவாள். டாலரை விற்பது பணம் கொடுப்பதா, பணம் வாங்குவதா என்று வாடிக்கையாளர்களுக்குள்ளேயே இரு கட்சி உண்டு. யார் எந்தக் கட்சி என்று ஏ.என். சார் பென்சிலால் குறித்து வைத்திருந்தார்.

அவருடைய முறை ஒன்று. எண் வரும்வரை காத்திருக்கிறேன் என்று சொல்லும் ஒவ்வொருவரும் ஒரு சீட்டு எழுத வேண்டும். அதில் மூன்று வரிகள் அச்சிட்டிருக்கும். கூட வந்தால் என்ன செய்வேன். குறைய வந்தால் என்ன செய்வேன். சொன்னபடி வந்தால் என்ன செய்வேன். வங்கி விதிகளில் அப்படி ஒரு சீட்டு இல்லை. மூன்றுக்கும் ஒரே பதில் எழுதினால், “அப்ப எதுக்குக் காத்திருக்கீங்க?” என்பார். இரண்டாவது வரியை எழுத முடியாமல் பேனாவை வைத்துவிட்டவர்கள்தான் அதிகம். அவர்கள் அன்றே விற்றுவிட்டுப் போனார்கள்.

எண் வெளியாகும் நேரத்தில் அவர் திரையைப் பார்க்க மாட்டார். நம் சந்தை அப்போது ஐந்து மணிக்கே மூடிவிடும்; எண் வருவது கோடையில் ஆறு மணி, குளிர்காலத்தில் ஏழு மணி. திங்கள் காலை வரை யாரும் எதுவும் செய்ய முடியாது. “செய்ய முடியாததைப் பாத்து என்ன ஆகப்போறது” என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர் ஒருவர் இருந்தார். கும்பகோணம் சாலையில் அரிசி ஆலை வைத்திருந்த கோவிந்தராஜ். கறுப்பு அரிசியைக் கண்டுபிடித்துத் தள்ளும் இயந்திரம் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார். அதற்கு வேண்டிய டாலரை வியாழக்கிழமையே வாங்கி முடித்துவிட்டார். ஆனாலும் மேட்ச் பார்ப்பதுபோல எண்ணைப் பார்க்க வேண்டும், எத்தனை மணிக்கு வரட்டும் என்றார். ஏழு மணி என்றேன். ஆறே முக்காலுக்கு மனைவி, மைத்துனர், ஒரு பை நிறைய வெங்காயப் பக்கோடாவுடன் வந்து சேர்ந்தார். எண் ஆறு மணிக்கே வந்துவிட்டிருந்தது. முந்தைய மாதம், மார்ச்சிலேயே, அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்ததை நான் கவனிக்கவில்லை.

“கடிகாரத்தையே தள்ளி வச்சிட்டானா?” என்றார் கோவிந்தராஜ். “ராகு காலத்தக்கூட இதுவரைக்கும் யாரும் தள்ளி வச்சதில்லையே மேடம்.”

பக்கோடாவைச் சாப்பிட்டோம். திங்கட்கிழமை ஏ.என். சார் சுவர்த் தாளில் அந்த வரியை அவரே திருத்தினார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அவர் என்னிடம் கேட்ட ஒரே சந்தர்ப்பம் முருகையன் விஷயத்தில்.

முருகையன் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, தென்னை நார்க் கழிவை அமுக்கிக் கட்டிகளாக்கி வெளிநாட்டுத் தோட்டங்களுக்கு அனுப்புபவர். சொந்தத் தோப்பு புயலில் படுத்துவிட்டது. அதன் பிறகுதான் இந்தத் தொழில். நார்க் கழிவைக் காயவைக்கப் பெரிய களம் வேண்டும். சாலையோரத்தில் ஒரு களத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அந்த இடத்துக்காரர் திடீரென்று விற்கப்போவதாகச் சொன்னார். திருமண மண்டபம் கட்ட ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். முருகையன் கெஞ்சிக் கூத்தாடி ஒப்பந்தம் போட்டார். கெடு அடுத்த புதன்கிழமை. அன்று முழுப் பணத்தையும் வைத்துக் கிரயம் முடிக்காவிட்டால் களம் மண்டபக்காரருக்கு. களம் போனால் இயந்திரங்களை வைக்கவும் இடம் இல்லை, வேலை செய்யும் இருபத்துச் சொச்சம் பெண்களுக்கும் வேலை இல்லை.

அவருடைய டாலர் கணக்கில் ஒரு லட்சம் டாலர் இருந்தது. அதை ரூபாயாக மாற்ற வேண்டும். எப்போது என்பதுதான் கேள்வி. அந்த வாரத்து விலையில் மாற்றினால் கிரயத்துக்குச் சரியாக இருந்து, பத்திரச் செலவில் பாக்கியிருந்ததும் தேறும். டாலர் அரை ரூபாய் இறங்கினால் பத்திரச் செலவுக்கு இருக்காது. முக்கால் ரூபாய் இறங்கினால் கிரயத்துக்கே குறையும். மேற்கொண்டு கேட்க ஊரில் ஆள் பாக்கி இல்லை. இதையெல்லாம் அவரே என்னிடம் சொல்லியிருந்தார். நான் பக்கத்து ஊர்க்காரி என்பதால் என்னிடம் கொஞ்சம் உரிமையாகப் பேசுவார்.

வியாழக்கிழமை மாலை போன் செய்தார். “நாளைக்கு அமெரிக்க நம்பர் வருதாமே. எங்க அண்ணன் மவன் சிங்கப்பூர்லேருந்து, டாலர் எகிறப் போவுது, விக்காதீங்க சித்தப்பான்னு மெசேஜ் போடுறான். நீங்க என்ன சொல்றீங்க?”

“எல்லாரும் நல்லா வரும்னுதான் சொல்றாங்க” என்றேன்.

வேறு ஒன்றும் சொல்லவில்லை. பொய்யும் இல்லை; அன்று திரையில் இருந்தது அதுதான். ஆனால் எல்லோரும் நல்லா வரும் என்று சொல்லிவிட்டால் அது ஏற்கெனவே விலைக்குள் வந்துவிட்டது என்பது, மல்லிப்பட்டினத்துக் கரையில் நின்றவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சீட்டும் எழுதி வாங்கவில்லை. தெரிந்தவர்தானே என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ராகு காலம் முடிந்து ஐந்து நிமிடத்தில் மறுபடி அழைத்தார். “காத்திருக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன் மேடம். நீங்களும் நல்லா வரும்னு சொல்லிட்டீங்க. அதோட இன்னைக்கு வெள்ளிக்கிழம வேற.”

போனை வைத்தபோது ஏ.என். சார் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

“முருகையனா?”

“ஆமா சார். வெயிட் பண்றாராம்.”

“சீட்டைக் காட்டுங்க.”

இல்லை என்றேன். அவர் ஏன் காத்திருக்கிறார் என்று கேட்டார். நேற்று நான் சொன்ன வாக்கியத்தை அப்படியே சொன்னேன். அவர் குரல் உயரவில்லை.

“நமக்குக் கருத்து கிடையாது. அவருக்கு இருக்கலாம். இப்ப அவருக்கு இருக்கறது உங்களோடது.”

“நான் போன் பண்ணிச் சொல்லிடறேன் சார்.”

“போன்ல சொன்னதைப் போன்ல திரும்ப வாங்க முடியாது. நீங்க நேர்ல போங்க. சாப்டுட்டுக் கிளம்புங்க, அவசரத்துல பேசினா அவரை வித்துடச் சொல்லித் தள்ளிடுவீங்க. அதுவும் கூடாது.”

கிளையின் காரில் போனேன். களத்தை அடைந்தபோது இரண்டரை மணி. பெண்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நார்க் கழிவைப் பலகையால் புரட்டிக்கொண்டிருந்தார்கள். முருகையன் கொட்டகை நிழலில் எடை போட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி செல்வி பக்கத்தில் நாற்காலியில். தொழில் செல்வியின் பேரில்தான் பதிவாகியிருந்தது; ஆனால் வங்கியில் பேசுவதெல்லாம் முருகையன்.

“என்ன மேடம், ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வந்திருப்பனே. இந்த வெயில்ல.”

“நேத்துப் போன்ல ஒண்ணு சொன்னேன். அதைத் திரும்ப வாங்கிட்டுப் போக வந்தேன்.”

“எது?”

“நல்லா வரும்னு சொல்றாங்கன்னு சொன்னது. நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. எனக்குத் தெரியாது.”

“அப்ப வராதுங்கிறீங்களா?”

“வராதுன்னும் சொல்லல. ஏறலாம், எறங்கலாம். எனக்குத் தெரியாது.”

அவர் மனைவியைப் பார்த்தார். “தெரியாதுன்னு சொல்றதுக்குத் தஞ்சாவூர்லேருந்து கார் வச்சுக்கிட்டு வந்திருக்காங்க.”

“வந்து சொன்னாங்கல்ல?” என்றார் செல்வி. “ஒங்க அண்ணன் மவன் தெரியும் தெரியும்னு அங்கேருந்தேதான சொல்றான்.”

சீட்டை எடுத்து வைத்தேன். முருகையன் சிரித்துக்கொண்டே முதல் வரியை எழுதினார். கூட வந்தால், திங்கட்கிழமை விற்பேன். இரண்டாவது வரியில் பேனா நின்றது. பிறகு அதே பதிலை எழுதினார்.

செல்வி எட்டிப் பார்த்தார். “கொறஞ்சு வந்து வித்தா, புதன்கிழமைக்குப் பத்துமா?”

“பத்தாது.”

“அப்ப?”

“யார்ட்டயாவது கேப்பேன்.”

“யார்ட்ட? என் கழுத்துல கெடந்ததும் போயாச்சு.” புடவைத் தலைப்பை விலக்கி மஞ்சள் கயிற்றைக் காட்டினார். “இதக் கேப்பீங்களா?”

எடை மேடையருகே நின்றிருந்த பெண்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். முருகையன் மூன்றாவது வரியை எழுதவில்லை. “இருந்தாலும் வெள்ளிக்கிழம” என்றார்.

“காலைல தேங்கா மட்ட லாரிக்காரனுக்குக் குடுத்தீங்களே, அது எந்தக் கெழம?”

“அது ஸ்கேன் பண்ணி அனுப்புனது.”

“அது குடுக்கிறது இல்லியா?”

“கையால எடுத்துக் குடுக்கலல்ல. போன்ல போனது.”

நான் சொன்னேன்: “இதுவும் போன்லதான் சொல்லணும். பணத்த நீங்க கையால தொடவே போறதில்ல.”

இதை நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை. அவரும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. கிழக்கு நோக்கி நின்று யோசித்தார். “அப்ப தோஷமில்ல” என்றார். “ஆனா மேடம், சாயந்திரம் ஏறிடுச்சுன்னா?”

“ஏறினா நஷ்டம் மாதிரி இருக்கும். வலிக்கும். களம் இருக்கும்.”

“எறங்குனா களம் இருக்காது” என்றார் செல்வி. “போடுங்க போன.”

கொட்டகைக்குள் சிக்னல் கிடைக்கவில்லை. அடுக்கி வைத்த கட்டிகளின்மேல் ஏறி நின்று சென்னையில் எங்கள் வங்கியின் விலை சொல்லும் மேசையை அழைத்தேன். பேச்செல்லாம் பதிவாகும் என்று முருகையனிடம் சொல்லிப் போனைக் கொடுத்தேன். விலையைக் கேட்டுக்கொண்டு, “சரிங்க” என்றார்.

“சரின்னா போதாது சார்” என்றது சென்னைக் குரல். “எவ்வளவு டாலர்னு சொல்லி, முடிச்சாச்சுங்கற அர்த்தத்துல ‘டன்’னு சொல்லணும்.”

“ஒரு லட்சம் டாலர். டன்.” போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மணி நான்கு ஆகப் பத்து நிமிடம்.

மூன்று வரிச் சீட்டில் செல்வியின் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டேன். தஞ்சாவூர் திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தியபோது ஆறு மணி அடித்தது. எண் வந்தது. எதிர்பார்த்ததைவிட நன்றாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் நன்றாக வந்திருந்தது. வெளிநாட்டுச் சந்தையில் டாலர் அப்போதே ஏறத் தொடங்கிவிட்டது. டீ ஆறுமுன் முருகையன் அழைத்துவிட்டார்.

“மேடம், ஏறிடுச்சு.”

“ஆமா.”

“நீங்க இங்க வராம இருந்திருந்தா…”

“ஆமா.”

அவர் வைத்துவிட்டார். டிரைவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ரேடியோவை அணைத்தார்.

திங்கட்கிழமை டாலர் நாற்பத்தைந்து பைசா கூடுதலாகத் திறந்தது. ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்கு மறுபடி அழைத்தார். “கணக்குப் போட்டுப் பாத்தேன் மேடம். ஒரு மொபெட் போச்சு.” அன்று மட்டும் மூன்று முறை அழைத்தார். மூன்று முறையும் அதே மொபெட்டைச் சொன்னார். ஒவ்வொரு முறையும் முழுக்கக் கேட்டுக்கொண்டேன்.

பதினோரு மணிக்கு ஏ.என். சார் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன்.

“தெரியாதுன்னு சொன்னீங்களா?”

“ரெண்டு தடவை சார்.”

“அந்த அம்மா கேட்டாங்களா?”

“அவங்க முன்னாடிதான் சொன்னேன்.”

“அவருக்கு வேண்டியது கெடைச்சுதா?”

“கெடைச்சுது சார். பத்திரச் செலவோட.”

“அப்ப அவ்வளவுதான்” என்றார். ஃபைலை வாங்கிச் சீட்டை அதற்கான இடத்தில் செருகித் திருப்பிக் கொடுத்தார். எண் குறைந்து வந்து டாலர் இறங்கியிருந்தாலும் இதே மூன்று கேள்வியைத்தான் கேட்டிருப்பார். ஒரு வார்த்தை பாராட்டியிருக்கவும் மாட்டார். அன்று அது எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. பின்னாளில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தபோது, இருபது பேர் இருபது விதமாக எண்ணுக்காகக் காத்திருக்கும் அறையில் அப்படி இருப்பது எவ்வளவு நிம்மதி என்று தெரிந்தது. நானும் அப்படியே இருக்க முயன்றேன். பெரும்பாலும் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை ரூபாய் அவர்கள் கணக்கில் ஏறியது. புதன்கிழமை மதியம் என் மேசைத் தொலைபேசி அடித்தது. முருகையன்தான், மொபெட்தான் என்று எடுத்தேன். செல்வி.

“மேடம், கிரயம் முடிஞ்சிடுச்சு. என் பேர்லதான் பத்திரம். கையெழுத்துப் போட்டுட்டு நேரா இங்கதான் வந்தோம்.”

பின்னால் இயந்திரம் ஓடும் சத்தமும், அதற்கு மேலாக ஓர் ஆண்குரலும் கேட்டன.

“அவரு என்ன சொல்றாரு?” என்று கேட்டேன்.

“ஒங்களத்தான் திட்டிக்கிட்டு இருக்காரு” என்றார் செல்வி. “திட்டட்டும் மேடம். சொந்தக் களத்துல நின்னுக்கிட்டுத் திட்டுறாரு.”